அரைச் சுற்று

நாள் 211 | 17:20 | வடகரை நிலையம், டைட்டன் | பட்டறை

வண்டி 2. புகார்: நின்ற இடத்தில் இன்ஜின் குலுங்குகிறது, சில சமயம் அணைந்துவிடுகிறது. ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜினில் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்துக் கேட்டேன். காரணம் கேட்காமலே தெரியும். ஆயுத பூஜை வண்டிப் பந்தயத்துக்காக நான் மாட்டிய உயரக் குமிழ் கேம், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு. தென்கரை நிலையத்துக்காரர்களை மண் கவ்வ வைத்த கேம். பந்தயம் முடிந்ததும் கழற்றச் சொல்லித் தலைவர் சகாயராணி உத்தரவு போட்டார். கழற்றியதாகப் பதிவேட்டில் எழுதினேன். கழற்றவில்லை. தை மாதம் மறு பந்தயம் இருக்கிறது.

அந்தக் கேம் வேகத்தில் பாடும், ஐடிலில், அதாவது வண்டி நிற்கும்போது ஓடும் மெது ஓட்டத்தில், இருமும். கோயம்புத்தூரில் எந்தப் பட்டறைக்காரனும் செய்வதைச் செய்தேன்: ஐடில் ஸ்க்ரூவை வலப்பக்கம் அரைச் சுற்று திருகினேன். நிமிடத்துக்கு எண்ணூறு சுற்றாக இருந்தது ஆயிரத்து நானூறு ஆனது. குலுக்கல் போயே போய்விட்டது.

நாளைக்கு வண்டியை எடுக்கிற பாறை ஆய்வாளர் நிறைமதி உட்கார்ந்து பார்த்துவிட்டு, டம்ளரில் தண்ணீர் வைத்தால்கூட ஆடாது என்று மெச்சிவிட்டுப் போனாள். என் ஊர்ப் பக்கத்துப் பெண். பதிவேடு: "சரி செய்யப்பட்டது."


நாள் 212 | 06:40

நிறைமதியின் வண்டி பனித் தரையை உடைத்துக்கொண்டு இறங்கி, அச்சு முறிந்து நிற்கிறது. கிழக்கே நூற்று முப்பது கிலோமீட்டர். ஆளுக்குக் காயமில்லை. ஆன்டெனா வளைந்துவிட்டதால் அவள் குரல் பட்டறையின் பெரிய ரேடியோ வாங்கிக்கு மட்டும்தான் எட்டுகிறது. ஆகவே நான்தான் நடுவில்.

இதைப் படிப்பவர் பூமிக்காரராக இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே டாங்கில் எரிபொருள், வெளியே ஆக்சிஜன். இங்கே தலைகீழ். வெளிக்காற்றில் மீத்தேன், டாங்கில் ஆக்சிஜன். இன்ஜின் குடிப்பதும் ஓட்டுபவர் சுவாசிப்பதும் ஒரே டாங்க். வண்டிக்குள் சூடு தருவதும் அதே இன்ஜின்தான்; வெளியே மைனஸ் நூற்று எண்பது டிகிரி.

தலைவர் இன்டர்காமில் கேட்டார்: "அண்ணாச்சி, பட்டியல்படி ஐடில்ல அறுவது மணி நேரம் தாங்கும்னு இருக்கு. சரிதான? சரின்னா இழுவை வண்டிய அனுப்புதேன், நாப்பத்திநாலு மணி நேரத்துல போயிரும். இல்லன்னா லேண்டர எடுக்கணும். அஞ்சு மணி நேரந்தான், ஆனா பூமிக்குத் திரும்புற எரிபொருள் அதுல போயிரும்."

அறுபது என்பது எண்ணூறு சுற்றுக்கு. ஆயிரத்து நானூறுக்கு முப்பத்து மூன்று.

"சரிதான்" என்றேன்.


நாள் 212 | 09:15

ரேடியோவில் சொல்லி ஸ்க்ரூவை இறக்கிவிட்டால் யாருக்கும் தெரியாமல் கதை முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஆயிரத்து இருநூறு வரை வந்தது. ஆயிரத்தில் பல்லெல்லாம் ஆடுகிறது என்றாள். எண்ணூறில் அணைந்தது. மறுபடி கிளப்பப் பத்து நிமிடம் ஆயிற்று.

ஆயிரத்து இருநூறிலேயே விடச் சொன்னேன். மொத்தம் முப்பத்தெட்டு மணி நேரம். இழுவை வண்டி சேர ஆறு மணி நேரம் குறைகிறது.


நாள் 212 | 20:50

பகல் பூரா யோசித்தேன். இந்தக் கேமில் உள்வால்வும் வெளிவால்வும் கொஞ்ச நேரம் சேர்ந்தே திறந்திருக்கின்றன. ஆக்சிஜன் எரியாமலே புகைக்குழாய் வழியே ஓடுகிறது. வால்வின் மேல் இடைவெளியைக் கூட்டினால் அந்த நேரம் குறையும். இன்ஜின் இருக்கைக்கு அடியில், கைக்கு எட்டும் தூரத்தில். ஆனால் நாற்பது நிமிடம் அணைத்து வைக்க வேண்டும்.

நிறைமதி செய்தாள். அளவுத் தகடு இல்லை; சாப்பாட்டுப் பொட்டலத்தின் அட்டையை மடித்துச் செருகி அளந்தாள். நுணுக்கமான கை. மூடியைக் கழற்றியதுமே கேமைப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்ணா, இது பந்தயக் கேமுல்லீங்களா? கழட்டியாச்சுன்னீங்க."

இடைவெளியை இன்னொரு தரம் அளக்கச் சொன்னேன்.

"செரி, போகுதுங். தலைவரக்காகிட்டச் சொல்லி லேண்டர அனுப்பச் சொல்லீருங்ணா. வெரலு ரெண்டு வெளுத்துப் போச்சுங், உணர்ச்சியே இல்ல."

இன்ஜின் கிளம்பியது. எண்ணூறு. மைக்கை அதனருகே பிடிக்கச் சொன்னேன். வெண்ணெய் மாதிரி ஓட்டம். என் ஆயுளில் இத்தனை சீரான ஐடிலைக் கேட்டதில்லை. கணக்குப் போட்டேன்: மிச்சம் முப்பத்தெட்டு மணி. இழுவை வண்டி போய்ச் சேர முப்பது. தாராளம். ஒருவருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

"சொல்லிட்டீங்களாங்ணா?"

"சொல்லிட்டேன் கண்ணு. லேண்டர் கிளம்புது."

அவளை நிம்மதியாகத் தூங்க வைக்கத்தான் சொன்னேன். நானும் தூங்கப் போகிறேன்.


நாள் 213 | 04:30

வாங்கியில் ஏழு அழைப்புகள் பதிவாகியிருக்கின்றன. முதலாவது 01:50.

"ஏனுங்ணா, அஞ்சு மணி நேரமாச்சுங்களே, லேண்டரக் காணோம்."

ஏழாவதில்தான் சொல்கிறாள். லேண்டர்தான் வருகிறதே என்று விரலைக் காப்பாற்றச் சூடு வேண்டி, ஸ்க்ரூவை அப்போதே ஏற்றிவிட்டாளாம். இரண்டாயிரம் சுற்று. எட்டு மணி நேரமாக.

உடனே இறக்கச் சொன்னேன். லேண்டரில் சின்னக் கோளாறு, பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். என் பொய் அவள் டாங்கைக் குடித்துவிட்டது. மிச்சம் பன்னிரண்டரை மணி. மாலை ஐந்து வரை. இழுவை வண்டி நள்ளிரவுக்கு மேல் இரண்டரை மணிக்குத்தான் சேரும்.

நண்பகலுக்குள் சொன்னால் லேண்டர் போய்ச் சேரும். ஒரே ஒரு வாக்கியம்.


நாள் 213 | 09:05

சொல்லத்தான் போனேன். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். இன்ஜின் இருமியது, ரேடியோவிலேயே சரிசெய்துவிட்டேன் என்று மட்டும் நேற்றிரவு தலைவருக்குச் சொல்லியிருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் தலைவர் எழுந்து, ரேடியோவிலேயே இன்ஜினைச் சரிசெய்த கை இது என்று எல்லார் முன்னாலும் என் கையைத் தூக்கிப் பிடித்தார். கைதட்டினார்கள். டீ கொடுத்தார்கள். டீயை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெட்கமாக இருக்கிறது. நேற்றுக் காலை சொல்லியிருந்தால் வேலை மட்டும் போயிருக்கும். இப்போது சொன்னால் நான் யார் என்பதே போய்விடும். இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது.


நாள் 213 | 11:40

இன்டர்காம் பொத்தானில் விரல் இருக்கிறது. அவளுக்கு இருபத்தாறு வயது. எழுதி முடித்ததும் அழுத்துகிறேன்.


நாள் 213 | 12:04

எழுதி முடிக்கவில்லை.


நாள் 213 | 15:30

தலைவர்: "அண்ணாச்சி, பிள்ள எப்படி இருக்கு?"

"தூங்குறா" என்றேன்.


நாள் 213 | 16:55

"அண்ணா. தலை கனக்குதுங். லேண்டரு?"

வந்துகொண்டிருக்கிறது என்றேன். அவள் மூச்சுச் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் இன்ஜின். சீராகத்தான் இருந்தது. பிறகு ஒரு துடிப்பு விட்டது. இன்னொன்று. டாங்க் காலியாகிறபோது அப்படித்தான் தட்டும்.

"சத்தங் கேக்குதுங்ணா. டப்பு டப்புன்னு. லேண்டருதானுங்?"

"ஆமா கண்ணு. அதான்."

"கதவத் தெறக்கட்டுங்ளா?"

பதில் சொல்லவில்லை. நான் பதில் சொ


நாள் 214 | 18:00

இழுவை வண்டி போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்திருந்ததாம். வண்டி 2-ஐக் கட்டி இழுத்து வருகிறார்கள். தலைவர் அழுதிருக்கிறார், குரலில் தெரிந்தது.

"ஒங்களால முடிஞ்சதச் செஞ்சிய, அண்ணாச்சி. அந்த இன்ஜின நீங்களே பிரிச்சுப் பாத்து அறிக்கை எழுதுங்க. ஒங்கள விட்டா இங்க வேற யாரு இருக்கா?"


நாள் 217 | 10:15

கேமைக் கழற்றிப் பழையதை மாட்டிவிட்டேன். அவள் அளந்த அட்டைத் துண்டு இருக்கைக்கு அடியில் அப்படியே கிடந்தது. வால்வு இடைவெளி நான் சொன்ன அளவுக்கு மயிரிழை பிசகவில்லை.

இதை எடுப்பவரே, அறிக்கையில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அதன் நகல்:

"வண்டி 2. கேம்: பட்டியல்படி. வால்வுகள்: பழுதில்லை. நினைவுப் பெட்டியின்படி ஐடில் எட்டு மணி நேரம் இரண்டாயிரம் சுற்றில் இருந்துள்ளது. ஆக்சிஜன் தீர்ந்ததற்குக் காரணம் அதுவே. ஸ்க்ரூவை ஏற்றியவர்: ஓட்டுநர்."