தகரம் அடிக்கும் சத்தம்

அக்கா, எதிர் மனையில் அபார்ட்மெண்ட் கட்டப்போகிறார்கள். காலையிலிருந்து சுற்றிலும் தகரம் அடிக்கிறார்கள். மேடவாக்கத்தில் இதெல்லாம் ஒரு சேதியா? ஆனால் முதல் ஆணி இறங்கியதுமே அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

தாம்பரத்தில் டயாலிசிஸ் சென்டர் வாசலில் பழக்கமானவர்கள் நாம். உள்ளே உங்கள் வீட்டுக்காரருக்கும் என் வீட்டுக்காரருக்கும் பக்கத்துப் பக்கத்துப் படுக்கை. கொரோனாவில் பஸ் நின்றதும், கோவிலம்பாக்கத்திலிருந்து நீங்கள் வரும் ஆட்டோவில் நாங்களும் ஏறிக்கொண்டோம். போலீஸ் மறித்தால் பேசுவது நீங்கள்தான். "ரத்தம் சுத்தம் பண்ணலைன்னா இவங்களுக்கு மூச்சு முட்டிடும் சார். நீங்க வந்து பார்த்துப்பீங்களா?" அந்த வாய் எனக்குக் கிடையாது.

ஒருநாள் ஆட்டோவில் நீங்கள் இல்லை, உங்கள் வீட்டுக்காரர் அண்ணா மட்டும் இருந்தார். பயந்துபோய் உங்களுக்கு போன் செய்தேன்.

"வெறும் சளிதாம்மா" என்றீர்கள், இருமலுக்கு நடுவே.

டெஸ்ட் எடுங்கள் என்று கெஞ்சினேன்.

"எடுத்து, கொரோனான்னு வந்துட்டா? கார்ப்பரேஷன்காரங்க வாசல்ல தகரம் அடிச்சு வீட்டையே மூடிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் இவரை யாரு வெளிய விடுவா? ரெண்டு டயாலிசிஸ் தவறினா மனுஷன் தாங்க மாட்டாரு."

சமையலறையிலேயே பாய் போட்டுக்கொண்டீர்கள். அண்ணாவுக்கு அளந்த தண்ணீரையும் உப்புக் குறைத்த சோற்றையும் வெளியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். உங்களுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதான், உங்கள் பேச்சை மீறி அவரால் ஆம்புலன்ஸைக் கூப்பிட முடிந்தது. எங்கும் பெட் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நின்ற வண்டிக்குள்ளேயே போய்விட்டீர்கள். உங்கள் முகத்தை யாருக்கும் காட்டவில்லை.

மறுநாள் உங்கள் வாசலில் தகரம் அடித்தார்கள். அண்ணா உள்ளே இருந்தார். நான் தெருவில் நின்று கத்தினேன் அக்கா. "உள்ள டயாலிசிஸ் பேஷண்ட் இருக்காரு சார்! அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்க வந்து பார்த்துப்பீங்களா?" சுத்தியலை வைத்திருந்தவர் மேலதிகாரிக்கு போன் போட்டார். ஒரு பக்கத்து ஆணிகளைப் பிடுங்கினார்கள். சாயங்காலத்துக்குள் ஆம்புலன்ஸ் வந்து, கொரோனா வார்டு இருக்கும் ஆஸ்பத்திரியில் அவருக்கு டயாலிசிஸ் நடந்தது.

ஒரு கத்தலுக்குப் பிடுங்கிவிட்ட தகரம் அக்கா அது. போலீஸையே எதிர்த்துப் பேசிய நீங்கள் அதற்குப் பயந்தா வாயை மூடிக்கொண்டு படுத்தீர்கள்? உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

நாளை செவ்வாய்க்கிழமை, டயாலிசிஸ் நாள். அண்ணா ஆட்டோவில் வருவார். இன்றுவரை அவர் சீட்டின் ஓரத்தில்தான் உட்காருகிறார், பக்கத்தில் நீங்கள் இருப்பதுபோல. சென்டரில் நேரம் மாற்றினாலும், வழியில் யார் மறித்தாலும், இப்போது பேசுவது நான்தான்.