முப்பத்தாறு கிராம்

ஜூலை 6, ஞாயிறு
சாப்பாட்டு மேசையில், என் மகள் பிரிட்டா எதிரிலேயே நாத்தனார் ரோண்டா சொன்னாள்: “இந்த வருஷம் பொருட்காட்சிக்குப் போகவேண்டாம் அண்ணி. கார்ன்டாக்கைப் பார்த்தா பிள்ளை ஏங்கிடும்.”
ஒன்பது வயசு. குச்சியில் செருகி, சோளமாவில் தோய்த்துப் பொரித்த சாசேஜ் இறைச்சி, அந்தக் கார்ன்டாக் என்றால் அவளுக்கு உயிர். மார்ச்சில் சர்க்கரை நோய் வந்ததிலிருந்து சாப்பாட்டுக்குச் சாப்பாடு ஊசி. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள்.
போவோம். தின்பாள். ரோண்டா வேடிக்கை பார்க்கட்டும்.

ஜூலை 8
நர்ஸ் சொன்னது: “தாராளமா தின்னட்டும். மாவுச்சத்து எத்தனை கிராம்னு மட்டும் தெரியணும். அதுக்கேத்த இன்சுலின். கூடிப்போனா மயக்கம் வந்துடும், பாத்துக்கங்க.”
ஆக, ஒரே ஒரு எண்.

ஜூலை 10
பொருட்காட்சியில் கார்ன்டாக் கடை போடும் வெர்லினுக்கு போன் செய்தேன். “அதுல கொழுப்பு இருக்கு, சந்தோஷம் இருக்கு. மத்தது எங்கப்பா விட்டுட்டுப் போன ரகசியம்” என்று சிரித்தார். சிரிப்பு வருகிறதா மனுஷனுக்கு?

ஜூலை 16, புதன்
பொருட்காட்சி முதல் நாள். சமையலறைத் தராசோடு போனேன். ஒரு கார்ன்டாக் வாங்கி, வெர்லினின் கடைப் பலகையிலேயே வைத்து நிறுத்தேன். சோளமாவுத் தோலை உரித்தேன். உள்ளே இருந்த சாசேஜைத் தனியாக நிறுத்தேன். பின்னால் வரிசை நீண்டது. “என்னம்மா, பிரேதப் பரிசோதனையா?” என்றான் ஒருவன்.
“ஆமா! எம் பொண்ணு திங்கறதுக்கு ஊசி போடணும். மாவுல என்ன இருக்குன்னு இவர் சொல்றவரைக்கும் நகரமாட்டேன்.”
வெர்லின் முகம் சிவந்தது. என்னைக் கடைக்குப் பின்னால் கூப்பிட்டு, காகிதக் கைக்குட்டையில் எழுதினார். சோளமாவு, மைதா, பால்... சர்க்கரை அளவு எழுதும்போது கை தயங்கியது. “இதுதான் ரகசியம். வெளியில சொல்லிடாதம்மா, மானம் போயிடும்.”
அவ்வளவு சர்க்கரை! அடப்பாவி.

வீட்டில் கணக்குப் போட்டேன். பிரிட்டா எட்டிப் பார்த்தாள். “மொத்த எடையில சாசேஜைத்தான் கழிச்சிருக்க. குச்சியையும் நான் தின்னணுமாம்மா?”
மார்ச்சுக்குப் பிறகு அவள் அடித்த முதல் கிண்டல். சிரித்துக்கொண்டே குளியலறைக்குப் போய் அழுதேன்.

ஜூலை 18, வெள்ளி
வெர்லின் விலைப்பலகையில், விலைக்குக் கீழே சாக்பீஸ் எழுத்து: மாவுச்சத்து 36 கிராம். நேற்று நான் போனில் சொன்ன எண். மானம் போகட்டும் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.
வரிசையில் நின்றபடியே பிரிட்டா சட்டையைத் தூக்கி ஊசி போட்டுக்கொண்டாள்.
“எல்லாரும் பாக்கறாங்கடி” என்றாள் ரோண்டா.
“பாக்கட்டும் அத்தை. வரிசையில எடம் போயிடும்ல?”
கடைசித் துணுக்குவரை தின்றாள். எண்ணெய்ப் பண்டம் சர்க்கரையை மெதுவாகத்தான் ஏற்றும் என்றிருந்தாள் நர்ஸ். நான்கு மணி நேரம் ரத்தத்தை அளந்து பார்த்தோம். தாறுமாறாக ஒன்றுமில்லை.

ஜூலை 20
இன்றும் ஒன்று கேட்டாள். வாங்கிக் கொடுத்தது ரோண்டா. ஊசிக் கணக்கு பிரிட்டாவே போட்டாள். நான் சரிபார்க்கவில்லை.
சரி, ஒரு தடவை பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.