இடது காதில் இரைச்சல்

கவசப் பணிமனை
நான்காம் மாதம், 12

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல். இதை எழுதாமல் கடிதத்தைத் தொடங்கக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. எழுதியாயிற்று. விஷயத்துக்கு வருகிறேன்.

உன் தலைக்கவசம் நேற்று விண்கப்பலில் வந்து என் மேசைக்குச் சேர்ந்தது. கூடவே ஒரு சீட்டு: "இடது காதில் இரைச்சல்." அவ்வளவுதானா? டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாயா? என்ன இரைச்சல்? சீறலா, முனகலா? நடக்கும்போதா, நிற்கும்போதா? சோதனைக் கருவியில் மாட்டி விசில் கொடுத்துப் பார்த்தேன். புதுக் கவசம் மாதிரி வேலை செய்கிறது. மேற்பார்வையாளர் பின்னால் வந்து நின்று, "பழுது கவசத்துலயா, உங்க அக்கா காதுலயா?" என்று கேட்டார். மொத்தப் பணிமனையும் சிரித்தது. உன்னால் எனக்கு இந்த மரியாதை.

கடிதத்தை வழக்கம்போல நெற்றிப் பஞ்சுக்குப் பின்னால் வைக்கிறேன். தபாலில் போட்டால் தணிக்கைக்காரர்கள் பாதி வரிகளைக் கறுப்படித்துவிட்டு மீதியைத்தான் விடுவார்கள். உங்கள் படைப்பிரிவின் கவசங்கள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். யாருடையது பழுதுக்குக் கிளம்பினாலும் அதில் உன் பதிலைச் செருகி, தாடைக் கொக்கியில் ஒரு நகக்கீறல் போடு. போதும்.

அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது. ஆனால் பெருமைக்குக் குறைவில்லை. பக்கத்து வீட்டு டீச்சரிடம், "எம்பொண்ணு கவசம் போட்டு நின்னா யானை மாதிரி இருப்பா" என்கிறாள். படைக்குடும்பத்து வீடு என்று நமக்குக் கொடுத்தார்களே, அதில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. அதற்கே அம்மா பேரரசரின் படத்தைத் தினமும் துடைக்கிறாள். வருஷக் கடைசியில் உன் ஒப்பந்தம் முடிகிறது. பெயரில் கறை விழாமல் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து சேர்.

இரைச்சலை விவரமாக எழுது.

உன் தம்பி

---

காவல்முனை
ஐந்தாம் மாதம், 3

என் அருமைத் திருப்புளிக்கு,

நீ பிறந்தபோதுகூட அழுதிருக்க மாட்டாய், "ஏன் இவ்வளவு நேரம்?" என்றுதான் கேட்டிருப்பாய். விவரம் சொல்கிறேன், பொறு. கவசத்தையும் மறுபடி அனுப்பியிருக்கிறேன்.

முகாமுக்குள் வருவதில்லை. தெருவில்தான் வருகிறது, அதுவும் எதிரே ஆட்கள் நிற்கும்போது. சீறலும் இல்லை, முனகலும் இல்லை. அடுத்த வீட்டில் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி. வார்த்தை புரியாது. சிரிக்காதே.

இதில் வேடிக்கை என்னவென்றால் இந்த ஊரே ஊமை. நாங்கள் "ஊமை ஊர்" என்றுதான் சொல்வோம். இந்தக் கோளின் ஜனங்களுக்குப் பேச்சு கிடையாது, வாயை மட்டும் அசைப்பார்கள், பொருட்படுத்த வேண்டாம் என்று பயிற்சியிலேயே சொன்னார்கள். முகாம் வாசலைத் தாண்டினால் கவசத்தைக் கழற்றக் கூடாது, காற்று ஆகாது என்றும் சொன்னார்கள். "அவங்க மட்டும் எந்தக் காத்தை இழுக்குறாங்க?" என்று கேட்டான் எங்கள் கொட்டாவி. அணிவகுப்பில்கூடக் கொட்டாவி விடுகிறவன், முகத்திரைக்குள் யார் பார்ப்பது என்ற தைரியம். அந்தக் கேள்விக்காக அவனுக்கு ஒரு வாரம் கழிவறை டியூட்டி.

என் முனைக்கு எதிரே ஒரு சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டுகிறவள் என் வயதுக்காரிதான். காலையில் நான் வந்து நின்றதும் என் காலைப் பார்ப்பாள், முகத்திரையைப் பார்ப்பாள், வாயை அசைப்பாள். உடனே இடது காதில் இரைச்சல். என்னைத் திட்டுகிறாள் போலிருக்கிறது. ஊமைக்கும் திட்ட உரிமை உண்டுதானே?

அம்மாவை முட்டியில் வெந்நீர் ஒற்றடம் கொடுக்கச் சொல். டீச்சரிடம் யானைக் கதையை நிறுத்தச் சொல்.

அன்புடன்,
அக்கா

---

கவசப் பணிமனை
ஐந்தாம் மாதம், 20

அன்புள்ள அக்கா,

இதை முதலிலேயே எழுதியிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். பழுது பிடிபட்டுவிட்டது.

கவசத்தின் காதுக்குள் ஒரு சல்லடை இருக்கிறது. வெளிச்சத்தம் எல்லாம் அதன் வழியாகத்தான் உள்ளே போகும். துப்பாக்கி, இயந்திரம், காலடி, தளபதியின் கட்டளை, இவற்றை விடும். மற்றதைத் தடுக்கும். உங்கள் படைப்பிரிவின் குரல் அடையாளம் இல்லாத எந்த மனிதக் குரலும் எங்கள் கையேட்டில் "கழிவு ஒலி". உன் சல்லடையில் ஒரு மூலை விட்டுப்போயிருக்கிறது. அங்கிருந்து கழிவு ஒலி கசிகிறது. நாங்கள் விசில் வைத்துத்தானே சோதிக்கிறோம், குரல் வைத்து இல்லையே. அதனால்தான் மேசையில் அகப்படவில்லை. நான் என் குரலிலேயே கத்திப் பார்த்துக் கண்டுபிடித்தேன். மேற்பார்வையாளர்கூட முதுகில் தட்டினார்.

அப்புறம், ஊமை ஊர் என்று யார் கதை விட்டது? பயிற்சி கொடுத்தவனுக்கு மூளை இல்லை. ஊராவது ஊமையாவது, அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். நாங்கள் வடிகட்டுகிறோம்.

புதுச் சல்லடை போட்டுவிட்டேன். இனி சைக்கிள்காரி தொண்டை கிழியக் கத்தினாலும் உனக்கு ஒன்றும் கேட்காது. நிம்மதியாக இரு.

உன் தம்பி

---

காவல்முனை
ஆறாம் மாதம், 15

தம்பி,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். "நாங்கள் வடிகட்டுகிறோம்." குழாயில் வாஷர் மாற்றியதைச் சொல்கிற மாதிரி எழுதியிருக்கிறாய்.

போன மாதம் ஒரு சிறு தெருவைக் காலி செய்தோம். ஒரு பெரியவர் தன் வீட்டுக் கதவை மறித்துக்கொண்டு நின்றார். கையை விரித்து வாயை அசைத்துக்கொண்டே இருந்தார். கொட்டாவி, "கரையில போட்ட மீன் மாதிரி இருக்காரு பாரு" என்றான். நான் சிரித்தேன். அவரைத் தள்ளிவிட்டுப் புகைக்குண்டை உள்ளே போட்டேன். புகை அடங்கிய பிறகு உள்ளே போனால் கட்டிலுக்கு அடியில் ஆட்கள் இருந்தார்கள்.

அவர் என்னிடம் என்ன சொன்னார் என்று எனக்கு இப்போது தெரியும். உன் தயவால் தெரியும்.

சல்லடையை நன்றாகத்தான் போட்டிருக்கிறாய். சைக்கிள்காரி வாயை அசைக்கிறாள், ஒன்றுமே வரவில்லை. அந்த ஓட்டையை எனக்குத் திருப்பிக் கொடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா

---

கவசப் பணிமனை
ஏழாம் மாதம், 1

அன்புள்ள அக்கா,

முடியாது.

காரணம் சொல்கிறேன். கவசத்தில் தெரிந்தே பழுது வைத்தால் அது துரோகம். என்னைப் பிடித்துக்கொண்டு போவார்கள், அம்மாவை வீட்டைவிட்டு வெளியே தள்ளுவார்கள். இரண்டாவது, அந்தத் தெருவைக் காலி செய்யச் சொன்னது நான் இல்லை. தகடு மாற்றுகிறவன் நான். பெரியவரை நானா தள்ளினேன்? மூன்றாவது, ஒப்பந்தம் முடிய இன்னும் சில மாதம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு இரு. காது கேட்காத இடத்தில் பாவமும் கிடையாது.

கடைசி வரியை அடிக்கலாம் என்று பார்த்தேன். எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் வேறு என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை.

மூன்று நாளாக ஒரு வேலையும் ஓடவில்லை. கையில் எடுத்த திருகாணி எல்லாம் மரை கழன்று போகிறது. நீதான் காரணம்.

தம்பி

---

காவல்முனை
ஏழாம் மாதம், 19

தம்பி,

சரி. உன்னிடம் இனி கேட்க மாட்டேன்.

அடுத்த மாதக் கடைசியில் சைக்கிள் கடைத் தெருவைக் காலி செய்ய உத்தரவு வந்திருக்கிறது. பெரிய வேலைக்கு முன்னால் வழக்கமாகச் செய்கிற மாதிரி, படைப்பிரிவின் கவசங்கள் மொத்தமும் சோதனைக்கு உன்னிடம் வரும். நீ உன் வேலையைச் செய். நான் அன்றைக்குத் தெரு நடுவில் தலைக்கவசத்தைக் கழற்றிவிடுவேன். பணியில் கழற்றினால் என்ன தண்டனை என்று உனக்கும் தெரியும். அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்.

அக்கா

---

கவசப் பணிமனை
எட்டாம் மாதம், 6

அக்கா,

கழற்றாதே. முதலில் இதை முழுக்கப் படி.

உங்கள் கவசங்கள் வந்ததும் ஒன்றைக் காய்கறிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். கூடத்தில் நின்று மாட்டிக்கொண்டேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். குழாய் சொட்டுவது கேட்டது. நாற்காலிக் கால் தரையில் உரசியது கேட்டது. அம்மாவின் வாய் அசைந்தது, கேட்கவில்லை. திட்டுகிறாள் என்று நினைத்து நான் சும்மா நின்றேன். அவள் மறுபடியும் பேசினாள். பிறகு அவள் முகம் மாறிவிட்டது. ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அக்கா, அவள் என்னைப் பார்த்துப் பயந்தாள். உள்ளே இருப்பது நான் என்று தெரிந்தும் பயந்தாள்.

கழற்றினேன். "எத்தனை தடவைடா உன் பேரைச் சொல்லிக் கூப்புடறது? காது என்ன செவிடா?" என்றாள். அவள் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். அப்புறம், "அந்தப் பெரியவரும் இப்படித்தானே கூப்புட்டிருப்பாரு" என்றாள். அப்புறம், "வீடு போனா போவுது. குழாய்த் தண்ணி எங்க போனாலும் வரும். அவ தனியா மாட்டிக்க வேணாம்னு எழுது."

எழுதுகிறேன். நீ கழற்றினால் நீ ஒருத்திதான் கேட்பாய். அடுத்த நிமிடம் உன்னை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள், மற்றவர்கள் வேலையை முடித்துவிட்டு வருவார்கள். அதனால் உன் கவசத்தில் மட்டும் இல்லை, உங்கள் படைப்பிரிவின் கவசம் எல்லாவற்றிலும் சல்லடையின் அந்த மூலையைத் திறந்துவிட்டேன். இது கசிவு இல்லை, வாசல். வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். விசில் சோதனையில் அத்தனையும் தேறிவிட்டன. மேற்பார்வையாளர் கையெழுத்தே போட்டுவிட்டார்.

இதனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. முதல்முறையாக ஒரு வேலையை முடிவு தெரியாமல் செய்திருக்கிறேன். சீக்கிரம் எழுது.

தம்பி

---

முகாம்
ஒன்பதாம் மாதம், 4

என் தங்கத் திருப்புளிக்கு,

இதைக் கொட்டாவியின் கவசத்தில் வைக்கிறேன். என்னுடையதை விசாரணைக்கு எடுத்துவைத்திருக்கிறார்கள்.

முகாம் வாசலைத் தாண்டியதுமே கேட்க ஆரம்பித்துவிட்டது. நம் பாஷையேதான். எல்லோர் நடையும் குறைந்தது. தெருவுக்குள் போனபோது சிலர் அழுதார்கள், சிலர் எங்களைச் சபித்தார்கள், ஒருத்தர் உள்ளே யாரிடமோ "அடுப்பை அணைச்சியா?" என்று கேட்டார். கொட்டாவிதான் முதலில் துப்பாக்கியைத் தாழ்த்தினான். "பேசுறாங்கடி" என்றான், ஏதோ என்மேல் தப்பு மாதிரி. தளபதி கட்டளையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். எல்லோரும் நின்றுவிட்டோம் என்று சொன்னால் பொய். சிலர் சுட்டார்கள். தெருக்கோடியில் இரண்டு வீடுகள் எரிந்தன. மற்றவர்கள் நின்றோம். நின்றதால் தெரு இன்னும் இருக்கிறது.

சைக்கிள்காரி கடை வாசலில் நின்றாள். என் காலைப் பார்த்தாள், முகத்திரையைப் பார்த்தாள். வருஷம் பூராவும் சொன்னதை மறுபடியும் சொன்னாள்: "உன் முழங்கால் கொக்கி லூசா இருக்கு. இறுக்கலைன்னா விழுந்துடுவ."

குனிந்து பார்த்தேன். ஆமாம்டா, லூசாகத்தான் இருந்தது.

எல்லாக் கவசங்களிலும் "இரைச்சல்" என்று சீட்டு ஒட்டி உன்னிடமே அனுப்பப் போகிறார்கள். என்ன செய்யலாம் என்று நான் சொல்ல மாட்டேன். அம்மாவை உன் பக்கத்திலேயே வைத்துக்கொள்.

அக்கா

---

கவசப் பணிமனை
பத்தாம் மாதம், 2

இந்தக் கவசத்தை அணிந்திருப்பவருக்கு,

நெற்றியில் ஏதோ உறுத்துகிறதே என்று பஞ்சை எடுத்துப் பார்த்திருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாது. இது என் அக்காவின் கவசம். சீட்டில் "உரியவர் இல்லை, வேறு ஆளுக்குக் கொடுக்கவும்" என்று எழுதி வந்தது. இறந்துபோனவர்களுக்கும் இதே வரிதான், தப்பிப்போனவர்களுக்கும் இதே வரிதான் என்று மேற்பார்வையாளர் சொன்னார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

பஞ்சுக்குப் பின்னால் கடிதம் இல்லை. உள்துணி முழுவதையும் பிரித்துப் பார்த்துவிட்டேன். தாடைக் கொக்கியில் மட்டும் புதிதாக ஒரு நகக்கீறல் இருக்கிறது. அம்மா அதைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, அதுதான் கடிதம் என்கிறாள். நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

வந்த கவசங்கள் எல்லாவற்றிலும் "சரிசெய்யப்பட்டது" என்று எழுதித் திருப்பி அனுப்புகிறேன். எதையும் தொடவில்லை. உங்களுக்கு இடது காதில் சத்தம் வரும். அது பழுது இல்லை. தயவுசெய்து சீட்டில் எழுதாதீர்கள். எழுதினால் அது என் இடத்தில் உட்காரப்போகிற வேறொருவர் மேசைக்குப் போகும். அவர் நன்றாக வேலை தெரிந்தவராக இருந்துவிடலாம்.

உங்கள் முழங்கால் கொக்கியும் லூசாக இருக்கலாம். எதிரே நின்று யாராவது சொல்வார்கள். கொஞ்சம் நின்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒருத்தியின் தம்பி