மூன்று இருபத்தைந்துக்கு வந்த வக்கீல்

பிரிக்பீல்ட்ஸ்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் ராஜினிக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்புக்குக் குறையில்லை. வாட்சப்பில் தொடங்கினால் பாதியில் அழித்துவிடுவேன், அதனால் தபால். ஜொகூரில் வேலை எப்படிப் போகிறது? கைதானதைப் பற்றி அலுவலகத்தில் யாரும் கேட்டார்களா?

வக்கீலைப் பார்க்க விடாமல் உன்னை விசாரித்ததற்காக நீ போட்ட வழக்கில், ஐந்து மணிக்கு முன் எந்த வக்கீலும் வரவில்லை என்று காவல்துறை பதில் கொடுத்திருக்கிறது. உன் வக்கீல் ஜெயமாலா நேற்று அழைத்துச் சொன்னார். வழக்கை நடத்துகிறவரே சாட்சி சொல்ல முடியாதாம். அய்யூப்தான் உன் சாட்சி என்றார். மறைப்பானேன், எனக்குப் பொறாமைதான்.

குடியுரிமை இல்லாத பிள்ளைகளுக்காகப் பதாகை பிடித்து நின்ற உன்னைக் காவல்துறை அழைத்துப்போன அன்று, உனக்குக் கிடைத்த ஒரே தொலைபேசி அழைப்பை நீ அய்யூப்புக்குத்தான் செய்தாய். கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கும் என் நண்பருக்கு. "அண்ணே, நீங்க பக்கத்துல இருக்கீங்க, முதல்ல போங்க. நான் ஜாம்ல மாட்டிக்கிட்டேன்" என்று அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

நீதிமன்றப் பதிவகத்தில் முப்பத்தோர் ஆண்டு இருந்தவன் நான். கைதானவர் தாம் விரும்பும் வக்கீலைக் கலந்துகொள்ளலாம் என்னும் அரசியலமைப்பின் ஐந்தாவது விதியை எத்தனை முறை தட்டச்சு செய்திருப்பேன்! அய்யூப்புக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அவர் காவல் நிலையத்துக்கு வந்ததும் கவுண்டரைத் தட்டி, "பாஸ், அஞ்சாவது விதி படிச்சதில்லையா? வக்கீலப் பாக்காம அந்தப் புள்ள வாயத் தொறக்காது லா!" என்றார். பத்து நிமிடத்தில் ஜெயமாலாவை உள்ளே விட்டார்கள். வெளியே வந்த நீ அய்யூப்பின் கையைப் பிடித்து அழுதாய். என்னிடம், "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாய்.

ராஜினி, அய்யூப் வந்தது ஐந்து இருபதுக்கு; ஐந்துக்கு முன் நடந்ததை அவர் பார்க்கவில்லை. நான் மூன்று பத்திலிருந்து அங்கே இருந்தேன். ஜெயமாலா மூன்று இருபத்தைந்துக்கு வந்தார்; திருப்பி அனுப்பினார்கள். நான்கு நாற்பதுக்கு மறுபடி வந்தார், மறுபடியும் அதுவே. நேரத்தையெல்லாம் பாக்கெட் டைரியில் எழுதிக்கொண்டிருந்தேன். "உக்காருங்க அங்கிள், கூப்பிடுறோம்" என்று காவலர் சொன்னார், உட்கார்ந்துவிட்டேன்.

போன மாதம் ஜெயமாலா என்னிடம்தான் முதலில் கேட்டார், "அங்கிள், நீங்க அங்கதானே இருந்தீங்க?" என்று. சரியாக நினைவில்லை என்று சொல்லிவிட்டேன். அது பொய். சாட்சி சொன்னால், இரண்டு மணி நேரம் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்களே. பிறகுதான் நீயும் ஜெயமாலாவும் அய்யூப்பிடம் போனீர்கள். அந்தக் கோபத்தையும் அவர் மேலேயே வைத்திருந்தேன்.

என் வாக்குமூலத்தை எழுதி, அதன் நகலை இத்துடன் அனுப்புகிறேன். நான்காம் பத்தியில் "நான் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்" என்று இருக்கும். அடித்துவிடலாமா என்று பலமுறை பேனாவை எடுத்தேன். இருக்கட்டும். அய்யூப்பிடம் காட்டுமுன் நீ படித்துவிடு.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையொப்பமிடுகிறேன். விடுமுறை கிடைத்தால் வாம்மா. கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும். மறுபடி அப்படி ஒன்று நேர்ந்தால், நேரவே கூடாது, முதலில் என்னைக் கூப்பிடு. எழுந்து நிற்கப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா