பச்சமுத்துவுக்கு மறக்காத பெயர்

விருத்தாசலம்,
சனிக்கிழமை.

அன்புள்ள லிசா அக்காவுக்கும், அக்காவுக்கு முன்பே இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கப்போகும் மடத்து மதர் அவர்களுக்கும், இயேசுவுக்குப் புகழ் சொல்லித் தம்பி சவரி எழுதிக்கொண்டது.

இதனால் சகலமானவர்களுக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டு மிக்ஸியின் மூடி ரப்பர், நீண்ட நாள் தளர்ச்சிக்குப் பின், சென்ற செவ்வாய் காலை தேங்காய்ச் சட்னி அரைக்கும் பணியின்போது காலமானது. சட்னி சுவர் முழுவதும் அஞ்சலி செலுத்தியது. அம்மா தலையிலும் கொஞ்சம் செலுத்தியது. துக்கம் விசாரிக்க வருபவர்கள் மலர்வளையத்துக்குப் பதிலாக ரப்பர் வளையம் கொண்டுவரவும்.

மற்றபடி எல்லோரும் நலம் என்று எழுதச் சொல்லி அம்மா உத்தரவு. எழுதிவிட்டேன். இனி நடந்ததை எழுதுகிறேன்.

ஜோ அண்ணன் சென்னையிலிருந்து வந்துவிட்டான். லீவுக்கு இல்லை. பெட்டி, மெத்தை, மேசை விசிறி எல்லாவற்றோடும். ராத்திரியெல்லாம் போனை எடுத்து, "உங்கள் வெப்சைட் இப்போது சரியாகிவிடும் சார்" என்று சொல்வதுதானே அவன் வேலை? அதை இப்போது கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறதாம். பக்கத்து வீட்டில் கேட்டால் வீட்டிலிருந்தே வேலை என்கிறான். கொஞ்ச நாள் அந்த வேலை மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருப்பதாக இருந்தது. பிறகு ஒரு காலை ஷேவ் செய்துகொண்டு வந்து உட்கார்ந்து, சொந்தமாக வெப் ஹோஸ்டிங் தொடங்கப்போகிறேன் என்றான்.

மதர் அவர்களுக்காக ஒரு விளக்கம். வெப்சைட் ஒரு கடை என்றால் அது இருக்க இடம் வேண்டும் இல்லையா? பெரிய கம்பெனியிடம் மொத்தமாக இடத்தை வாடகைக்குப் பிடித்து, நம் ஊர்ப் பீங்கான் பட்டறைகளுக்கும் ஜவுளிக் கடைகளுக்கும் உள்வாடகைக்கு விடுவதுதான் அண்ணன் திட்டம். அம்மாவுக்கு இன்னும் புரியவில்லை. ஹோஸ்டிங் என்றதும், கோயிலில் பூசைக்கு வைக்கும் ஓஸ்தி அப்பம் என்று நினைத்துக்கொண்டு, "எம் புள்ள அப்பம் சுடற தொழிலு ஆரம்பிக்கறான்" என்று பங்குச் சாமியாரிடமே சொல்லிவிட்டது. சாமியார் அண்ணனைப் பிடித்து, அடுப்பு வாங்கியாச்சா என்று கேட்டிருக்கிறார்.

எல்லாம் தயார். பெயர்தான் இல்லை. நாளை பூசை முடிந்து சாமியார் வந்து முன்னறையில் அண்ணன் மேசையை மந்திரிப்பதாக ஏற்பாடு. பெயர்ப்பலகை எழுதுகிறவர் வெள்ளையடித்து வைத்துக்கொண்டு தினமும் போன் செய்கிறார்.

பெயர் வைப்பதில் இந்த வீட்டில் மூளையுள்ள ஒரே ஆள் யார் என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் எல்லோருக்கும் பட்டப்பெயர் சூட்டியவன் நான். ஒரு பெயராவது நிற்காமல் போனதுண்டா? அதனால் அண்ணன் கேட்காமலே உதவிக்கு இறங்கினேன். முதலில் "இடியாப்பம் டாட் காம்" என்றேன். பார்க்கச் சிக்கல், உள்ளே சுத்தம். தலையணை பறந்து வந்தது. அடுத்து ஊர்ப் பெருமை விளங்க "பீங்கான் ஹோஸ்ட்" என்றேன்.

"பீங்கான் கீழ வுழுந்தா இன்னா ஆவும்னு இந்த ஊர்ல கைக்கொழந்தைக்குக்கூட தெரியும்டா. போ அந்தாண்ட" என்றான் அண்ணன்.

அம்மா தன் பங்குக்கு அந்தோணியார் பெயரை வைக்கச் சொன்னது. "காணாமப் போனதக் கண்டுபுடிச்சித் தர்றவரும்மா அவுரு. அப்ப என் சைட்டு காணாமப் போவுமான்னு கேப்பாங்க" என்று அண்ணன் சொல்லப்போக, அம்மா அன்று முழுவதும் அவனோடு பேசவில்லை. அந்தோணியாரும் பேசியிருக்க மாட்டார்.

பெயரைச் சோதிக்க அண்ணன் ஒரு வழி வைத்திருக்கிறான். பீங்கான் பொம்மைப் பட்டறை வைத்திருக்கிற பச்சமுத்து அண்ணாச்சிதான் அவனுக்கு முதல் வாடிக்கையாளர். காலையில் போன் போட்டு அவரிடம் ஒரு பெயரைச் சொல்வான். சாயங்காலம் மறுபடி கூப்பிட்டு, காலையில் சொன்ன பெயர் என்ன என்று கேட்பான். நினைவிருந்தால் பெயர் தேறியது. இதுவரை ஒன்றும் தேறவில்லை. அவருக்குச் சூளையின் சூடு மட்டும்தான் நினைவிருக்கும்.

புதன்கிழமை சாயங்காலம் அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டான். அப்பா அப்போதுதான் புதுச்சேரியில் பீங்கான் லோடு இறக்கிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். பச்சமுத்து அண்ணாச்சி சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீ சொல்றது ஒண்ணும் மனசுல நிக்கலப்பா தம்பி. யாரு வெப்சைட்டு போடறாங்கன்னு எங்க ஆளுங்க கேட்டாங்க, லிசா வூட்ல போடறாங்கன்னு சொல்லிட்டேன். எல்லாருக்கும் உடனே புரிஞ்சிபோச்சி. அதயே வையேன்."

மதருக்குத் தெரிந்திருக்காது: மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் இங்கே அப்பனைக் கூப்பிடுவார்கள். ஊருக்கே எங்கள் அப்பா "லிசா அப்பா"தான். மாப்பிள்ளை பார்த்து, மண்டபமும் பேசிய பிறகு அக்கா மடத்துக்குக் கிளம்பியதிலிருந்து, யாராவது அப்படிக் கூப்பிட்டால் அப்பா திரும்பிப் பார்ப்பதில்லை. "இஞ்ஞாசின்னு எனக்கு ஒரு பேரு இருக்குது" என்பார். வீட்டில் அக்கா பேச்சே கிடையாது. வருகிற மே மாதம் அக்கா கன்னியாஸ்திரியாகச் சபதம் எடுக்கும் முதல் வார்த்தைப்பாட்டுக்கு மடத்திலிருந்து வந்த அழைப்பு, வீட்டுப் பீடத்தில் மாதா காலடியில் இருக்கிறது. அப்பா அதைத் தொடவில்லை.

அன்று அப்பா கை கழுவிவிட்டு வெளியே போய்விட்டார். அண்ணன் என்னை முறைத்தான், ஸ்பீக்கரைப் போட்டது நான் என்பதுபோல. மறுநாள் காலை லோடு வண்டியில், பீங்கான் உடையாமலிருக்கப் போடும் வைக்கோலை உதறிக்கொண்டிருந்த அப்பா, எங்களைப் பார்க்காமலே சொன்னார்: "அந்தாளு சொன்னதயே வெச்சிக்க. மறக்காதுல்ல."

அக்கா, அம்மா அடுப்படிக்குள் ஓடி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டது. பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, மே மாதத்துக்கு ரயில் டிக்கெட் போடலாமா என்று கேட்டது. அப்பா "பாப்பம்" என்றார். முடியாது என்று சொல்லவில்லை. "பாப்பம்!"

அண்ணன் உடனே கம்ப்யூட்டரில் தேடினான். இணையத்தில் ஒரு பெயரை முதலில் பதிகிறவனுக்குத்தான் அது சொந்தம். "லிசா ஹோஸ்ட்" காலியாக இருந்தது. கார்டில் ஏதோ கோளாறு, பாங்குக்குப் போய்ச் சரிசெய்துவிட்டு மத்தியானம் பதியலாம் என்று போனான். திரும்பி வந்து பார்த்தால் பெயர் போயிருந்தது. யாரோ எடுத்துவிட்டார்கள். யார் என்று தெரியாதபடி மறைத்திருந்தது.

நான் டியூஷனிலிருந்து வருவதற்குள் அப்பா வந்துவிட, அண்ணன் அவரிடம் விஷயத்தைச் சொல்லியும் விட்டான். பெயருக்கு முன்னால் பின்னால் ஏதாவது சேர்த்துக்கொள்ளலாம் என்றுகூடச் சொல்லிப் பார்த்திருக்கிறான். அப்பா, "வுட்டுடு. நம்ம கைய வுட்டுப் போனத அப்பிடியே வுட்டுடணும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அம்மா டிக்கெட் பேச்சை மறுபடி எடுத்தபோது, "நீ வேணா போயிட்டு வா" என்றாராம்.

மதர், இனி வருவது குடும்ப விஷயம். தயவுசெய்து வேகமாகப் படித்துத் தாண்டிவிடுங்கள்.

அந்த யாரோ நான்தான் அக்கா.

அண்ணன் பாங்குக்குப் போன நேரத்தில், என்னோடு படிக்கிற சேரனின் அண்ணன் கார்டை வைத்து நான்தான் பதிந்தேன். பிறகு வெளிநாட்டு முதலாளி மாதிரி மெயில் அனுப்பி, பரோட்டாவும் சிக்கன் வறுவலும் வாங்கித் தந்தால்தான் பெயர் கிடைக்கும் என்று அண்ணனை அலைய விடுவதாகத் திட்டம். மெயிலைக்கூட எழுதி முடித்துவிட்டேன். நல்ல மெயில். வீட்டுக்கு வந்தால் அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மெயிலை அழித்துவிட்டேன். வாயைத் திறக்கவில்லை. நேற்றும் திறக்கவில்லை. அண்ணன் இப்போது தன் பெயரையும் அப்பா பெயரையும் சுருக்கி ஜே.ஐ. ஹோஸ்டிங் என்று எழுதச் சொல்லிப் பலகைக்காரரிடம் போயிருக்கிறான். கேட்டவுடன் மறக்க ஏற்ற பெயர்.

இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு நேரே அப்பாவிடம் போகிறேன். அடிக்கு நான் பயப்படவில்லை. அடித்துவிட்டு, "வேணாம், அந்தப் பேரு வேணவே வேணாம்" என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் இருக்கிறது. ஒரு தடவை இறங்கி வந்தவர் இன்னொரு தடவை வருவாரா?

நீ அவருக்கு ஒரு வரி எழுதேன். அம்மா பெயருக்கு வரும் கடிதத்தில் "அப்பாவையும் கேட்டதாகச் சொல்லவும்" என்று கடைசியில் சேர்ப்பாயே, அப்படி வேண்டாம். அப்பா பெயருக்கே எழுது. வாங்கப்பா என்று நீயே கூப்பிடு. மதர் அவர்கள் அனுமதிக்க வேண்டும், இது நான் காலில் விழுந்து கேட்பது.

இன்னொன்று. பெயர் வைப்பதில் மன்னன் என்று மேலே பீற்றிக்கொண்டேன். அப்பாவிடம் என்ன சொல்வது என்று காலையிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்க்கிறேன். எல்லாம் சரியாக வருகிறது, உன் பெயர் வருகிற இடத்தில் மட்டும் குரல் நின்றுவிடுகிறது. நீ போனதிலிருந்து இந்த வீட்டுக்குள் நானும் அதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை அக்கா. எனக்காக வேண்டிக்கொள்.

உன் தம்பி,
சவரி