கடலடிக்குப் போன மிரட்டல்கள்

என் காட்டுக்கத்தல் அப்பாவுக்கு,

மேலே போயும் யாரையாவது திட்டிக்கொண்டுதான் இருப்பீர்கள். கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இதைக் கேளுங்கள். தம்பி ஜூட் கரைக்கு வந்துவிட்டான். நாளை மறுநாள் வீட்டுக்கு வருகிறான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்களை வெட்டிய கதையைப் பொலிசுக்குச் சொன்னேன், சாமியாருக்குச் சொன்னேன், ஊருக்கெல்லாம் சொன்னேன். உங்களிடம்தான் இன்னும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அந்தோனி அன்றைக்கும் குடித்துவிட்டு வந்து பெண்டாட்டி ராணியை அடித்தான். அவள் தலையைச் சுவரில் மோதிய சத்தம் நான் சமைத்துக்கொண்டிருந்த குசினி வரை கேட்டது. "இன்னைக்கி இவன் கைய முறிக்காம விட மாட்டேன்" என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போனீர்கள். கலஹாவுக்குப் பஸ் ஓட்டிய காலத்தில் மிதிபலகையில் தொங்கியவன் எல்லாரையும் அப்படித்தான் மிரட்டினீர்கள், ஒருவனையும் தொட்டதில்லை.

அந்தோனி மிரட்டவில்லை. கவ்வாத்துக் கத்தியை எடுத்தான். தேயிலை மரத்தின் தடித்த கொப்பை ஒரே இழுப்பில் அறுக்கிற கத்தி. கழுத்தில் வெட்டினான், விழுந்த பிறகும் வெட்டினான். நான் ஓடி வந்தபோது ராணி தன் சேலையைச் சுருட்டி உங்கள் கழுத்தில் அமுக்கிக்கொண்டிருந்தாள், அவள் தலையிலிருந்தும் இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. த்ரீவீலில் பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே என் மடியில் முடிந்துபோனீர்கள். அந்தப் பாவாடையை நான் இன்னும் தோய்க்கவில்லை.

ஜூட் அப்போது எந்தக் கடலுக்கு அடியில் இருந்தானோ. இங்கிலாந்துக்குப் படிக்கப் போனவன், அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்து, அவர்களுடைய நீர்மூழ்கிக் கப்பலில் சமையல்காரன் ஆனது உங்களுக்குத் தெரிந்ததுதான். கப்பல் தண்ணீருக்குள் போனால் மாதக்கணக்கில் வெளியே வராது. நாம் வாரம் ஒருமுறை நாலு வரி எழுதி அனுப்பலாம், அவனால் பதில் போட முடியாது. அனுப்புவதை முதலில் ஓர் அலுவலகத்தில் வாசிப்பார்கள். கெட்ட சேதி இருந்தால் உள்ளே போகாது. யாராவது செத்தால்கூடக் கரைக்கு வந்த பிறகு சொன்னால் போதும் என்று அவனே சொல்லிவிட்டுத்தான் போயிருந்தான்.

முதல் சேதியை நீங்கள் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதியது ஞாபகம் இருக்கிறதா? கதிரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "நேரத்துக்குத் திங்கலன்னு தெரிஞ்சிச்சி, காது ரெண்டையும் பிச்சி நாய்க்குப் போட்ருவேன்னு எழுது" என்றீர்கள். நானும் ஒரு மடைச்சி, அப்படியே எழுதினேன். அலுவலகத்திலிருந்து ஒரு பெண் எனக்கு டெலிபோன் எடுத்து, "உங்கள் தகப்பனார் மகனைத் துன்புறுத்துவாரா?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற நீங்கள், "பிள்ளைய தொடுவனாமா நானு? அவ பல்லக் கழட்டிருவேன்னு சொல்லு!" என்று கத்தினீர்கள். நல்லவேளை, அவளுக்குத் தமிழ் தெரியாது.

எங்கள் வீட்டில் 'சுகமாக இரு' என்பதை இப்படித்தான் சொல்வோம் என்று விளக்கினேன். அவள் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு எல்லாம் போயிற்று. ஒரு வாரம் முட்டியைப் பெயர்ப்பீர்கள், மறுவாரம் தோலை உரித்து உப்புத் தடவுவீர்கள், அதற்கடுத்த வாரம் முதுகெலும்பை உருவுவீர்கள். பிள்ளையை இத்தனை விதமாகக் கொன்ற தகப்பன் இந்த மலைநாட்டில் வேறு யாரும் இல்லை.

உங்களை அடக்கம் செய்த வாரமும் சேதி போக வேண்டியிருந்தது. போகாவிட்டால் அவன் என்ன நினைப்பான்? நீங்கள் போனதை அந்த அலுவலகப் பெண்ணுக்கு அறிவித்துவிட்டு, உங்கள் பெயரில் நானே எழுத உட்கார்ந்தேன். உங்களுக்குப் பிடித்தது 'கழுத்தைத் திருகுவேன்'. அதை எப்படி எழுதுவது? தோல், எலும்பு, காது, எதை நினைத்தாலும் ஆஸ்பத்திரி மேசைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. உங்கள் உடம்பில் கத்தி படாதது கால் மட்டும்தான். 'ஒழுங்காகச் சாப்பிடு, இல்லாவிட்டால் காலை உடைப்பேன்' என்று எழுதினேன். அடுத்த வாரமும் அதையே எழுதினேன். அவன் கரைக்கு வரும்வரை ஒவ்வொரு வாரமும் காலைத்தான் உடைத்தேன்.

இடையில் அந்தோனியைக் கண்டி கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சிறைச்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கியவன் என்னைப் பார்த்துத் தலையைக்கூடக் குனியவில்லை. பொலிஸ்காரர்களுக்கு நடுவில் பாய்ந்து அவன் முகத்தைப் பிறாண்டினேன். என் நகத்துக்குள் அவன் தோல் இருந்தது. எனக்கு இன்றுவரை அதில் வருத்தம் இல்லை, அப்பா. கையில் கத்தி இருந்திருந்தால் குத்தியிருப்பேன். ராணிதான் என் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, நான் சாட்சி சொல்றேன். நீங்க உள்ள போயிட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றாள். வாயைத் திறந்தால் கொளுத்திவிடுவோம் என்று அவன் ஆட்கள் அவளை மிரட்டியிருக்கிறார்கள். இப்போது நம் வீட்டில்தான் படுக்கிறாள்.

முந்தாநாள் ஜூட் டெலிபோனில் பேசினான். கப்பல் கரையைத் தொட்டதும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். நான் அழ ஆரம்பித்தேன். அவன் அழவில்லை.

"எனக்கு எப்பவோ தெரியும்க்கா."

"யாருடா சொன்னது?"

"நீதான். மொத வாரம் காலுன்னு வந்திச்சி, சரின்னு விட்டேன். ரெண்டாவது வாரமும் காலு. அப்பா ஒரே எலும்ப ரெண்டு தடவ ஒடைக்க மாட்டாரு."

அத்தனை வாரமும் தண்ணீருக்கு அடியில், கேட்கவும் வழியில்லாமல், அதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். "என்னடா செஞ்சே?" என்றேன்.

"என்ன செய்ய? சமைச்சேன். எல்லாக் கறியிலயும் கொச்சிக்காய அள்ளிப் போட்டேன். கப்பல்ல இருந்த அத்தன பேரும் கண்ணுல தண்ணியோட தின்னானுங்க."

பிறகு குரல் மாறியது. "அவன எப்ப கோர்ட்டுக்குக் கொண்டாருவாங்க?" என்று கேட்டான். உங்கள் குரல் மாதிரியே இருந்தது, ஆனால் கத்தல் இல்லை. அதுதான் எனக்குப் பயம். நீங்கள் கத்தியதால்தான் யாரையும் அடிக்காமல் இருந்தீர்கள். இவன் கத்தாமல் கேட்கிறான், நாள் முழுக்கக் கத்தி பிடிக்கிற கை அவனுடையது. வழக்கு வருகிற வெள்ளிக்கிழமை. அன்றைக்கு ராணி சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். இவன் கை வைத்தால் வழக்கு நாசமாகும், பிள்ளையும் ஜெயிலுக்குப் போவான், உங்களுக்குப் பிறகு எனக்கென்று இருக்கிற ஒருவனும் போய்விடுவான். நான் செய்யத் துடித்ததை நீ மட்டும் செய்யாதே என்று அவனிடம் எந்த வாயால் சொல்வது? நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள்?

தெரியும், என்ன சொல்வீர்கள் என்று. ஆகவே உங்கள் கல்லறைமேல் ஆணையாகச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் குசினிக் கத்தி எல்லாவற்றையும் அலுமாரியில் வைத்துப் பூட்டுவேன். கோர்ட்டில் ஒரு பக்கம் ராணியின் கையையும் மறுபக்கம் அவன் கையையும் பிடித்துக்கொண்டு உட்காருவேன். அதையும் உதறிக்கொண்டு அவன் எழுந்து ஓர் அடி முன்னால் வைத்தால், அப்பா, இந்தத் தடவை சும்மா சொல்லவில்லை, காலை உடைப்பேன்.

உங்கள் வாயும் குணமும் வாய்த்த மூத்தவள்,
ஸ்டெலா