நான்கு மூலையும் சேர்ந்த கட்டம்

13 செப்டம்பர் 1954

நாடகக் கம்பெனியில் பபூன் வேஷம் கட்டியே தலை நரைத்தவன், கம்பெனி கலைந்தபின் ஓசூரில் அச்சுக் கோக்கப் பழகுகிறேன். ஜனங்கள் சிரிப்பதை நிறுத்தவில்லை. சிரிக்கும் இடம்தான் மாறியிருக்கிறது.

இன்று ஒரு கருமாதிப் பத்திரிகையில் நாலு வரி கோத்தேன். ஈய எழுத்து தலைகீழாகவும் இடம் வலம் மாறியும் இருக்கும், அப்படியே படிக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என் பெண்சாதி வெள்ளையம்மாவின் முகமே திருப்பிப் போட்டதுபோல் தெரிந்தது. அதை அவளிடம் சொல்லியும் தொலைத்தேன். சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

20 செப்டம்பர்

அச்சுக்கூட முதலாளி கங்கப்பன் என்னைவிட இளையவன். அண்ணா என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டுத்தான் திட்டுவான்.

"வரிக்கு வரி மூச்சு விட எடம் குடுங்கண்ணா. சந்தைக்கு ஏத்தின ஆடு மாதிரி நெருக்கிகினு நிக்குது."

அடுத்தது கட்டம். கருமாதிப் பத்திரிகைக்குச் சுற்றிலும் தடித்த கறுப்புக் கோடு வரும். கோடு அடிக்கும் பித்தளைத் துண்டுகளின் முனையைச் சாய்வாக அராவி மூலையில் சேர்க்க வேண்டும். என் மூலைகளில் எலி குடும்பத்தோடு போய் வரலாம்.

4 அக்டோபர்

மகள் செல்வத்துக்கு இடம் அமைந்துவிட்டது! பபூன் வீட்டுப் பெண் என்று இதுவரை வந்த வரனெல்லாம் காபியைக் குடித்துவிட்டுப் போனதுதான். இவர்கள் தளி ஊர்க்காரர்கள். மாப்பிள்ளையின் அப்பா மாதப்பன். அந்த வீட்டில் அவருடைய அக்கா நஞ்சம்மா வைத்ததுதான் சட்டமாம், மாதப்பனுக்கு மீசை சும்மா அழகுக்காம். கெலமங்கலம் பஸ்ஸில் கேட்டது.

கார்த்திகையில் முகூர்த்தம். இரண்டு வீட்டுக்கும் பத்திரிகை என் கையாலேயே கோத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். யார் கேட்டார்கள்?

28 அக்டோபர்

சேர்ந்துவிட்டது. நான்கு மூலையும்.

மெல்லிய கோடெல்லாம் ஒரு சங்க நோட்டீஸில் மாட்டிக் கிடக்கிறது. அதனால் செல்வத்தின் பத்திரிகைக்குத் தடித்த கோட்டையே வைத்தேன். சிவப்பு மையில் அடித்தால் கோயில் மதில் மாதிரி இருக்கும். நகத்தால் தடவிப் பார்த்தேன், இடுக்கே இல்லை. கங்கப்பன் குனிந்து பார்த்தான்.

"மூலை பிரமாதங்கண்ணா. சிவப்புல அடிங்க. கறுப்புல மட்டும் வேண்டாம்."

பிரமாதம் என்றான். எனக்கு அது போதும்.

3 நவம்பர்

சிவப்பு மை டப்பாவைத் திறந்தால் செருப்புத் தோல்போல் காய்ந்து கிடக்கிறது. பெங்களூரிலிருந்து வர நாலைந்து நாள் ஆகும். பத்திரிகை எங்கே என்று தளியிலிருந்து ஆள் வந்து நிற்கிறான். கங்கப்பன் சேலம் போயிருக்கிறான்.

கட்டத்தைக் கழற்றிவிட்டு எழுத்தை மட்டும் கறுப்பில் அடிக்கலாம். கழற்றவும் போனேன். மறுபடி இப்படிச் சேருமா? ஒன்றரை மாதம் அராவிய மூலை. மஞ்சள் தடவினால் கறுப்பு யார் கண்ணில் படப்போகிறது?

அப்படியே அடித்துவிட்டேன்.

மஞ்சள் தடவிய செல்வம் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "கோடு தடியா இருக்குதேப்பா" என்றாள்.

"மூலையைப் பார்றீ" என்றேன்.

பார்த்தாள். அப்புறம் மற்றதற்கும் தடவி வைத்தாள்.

9 நவம்பர்

கூப்பிட்டு அனுப்பினார்கள், தளிக்குப் போனேன். நஞ்சம்மா பத்திரிகையை நுனியில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள், செத்த எலியைப் பிடிப்பதுபோல்.

"கருமாதி ஓலையை ஊரெல்லாம் குடுக்க வெச்சிட்டியேய்யா. இதைத் தொட்டு எடுத்த பொண்ணு எங்க வாசப்படியை மிதிக்கணுமா?"

"மஞ்சள் தடவியிருக்குதுங்களே" என்றேன்.

"பொணத்துக்கும்தான் பூசறோம்."

மேடையில் என்றால் இந்த வசனத்துக்குக் கைதட்டல் விழுந்திருக்கும். அப்புறம் அவள் கன்னடத்துக்கு மாறி, பேடா, பேடா என்றாள். வேண்டாமாம். மாதப்பன் தன் கால்விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நஞ்சம்மாவின் காலில் விழுந்தேன். விழுந்த விதத்தில் பழைய வேஷம் எட்டிப் பார்த்திருக்க வேண்டும். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அதோடு முடிந்தது. "தை பொறக்கட்டும், பாக்கலாம்" என்று மட்டும் மாதப்பன் முனகினார்.

10 நவம்பர்

வெள்ளையம்மா என்னோடு பேசுவதில்லை. செல்வம் எப்போதும்போலப் பேசுகிறாள் — அதுதான் தாங்க முடியவில்லை.

28 நவம்பர்

முகூர்த்த நாள். காலையிலிருந்து மழை. கல்யாணம் நின்றதும் நல்லதுதான், பந்தல் ஒழுகியிருக்கும் — எழுதிவிட்டேன். என்ன மனுஷன் நான்? அழ உட்கார்ந்தாலும் கை வசனம் தேடுகிறது.

14 டிசம்பர்

கருமாதிப் பத்திரிகைகள் எல்லாம் இப்போது என்னிடம்தான் வருகின்றன. எந்தச் சாவு வந்தாலும் மூலை சேர்ந்துவிடுகிறது. கங்கப்பன் புகழ்வதில்லை, அவன் நல்லவன்.

27 ஜனவரி 1955

தை பிறந்து, மாதப்பன் வந்தார். எங்கள் வீட்டுக்கு அல்ல, அச்சுக்கூடத்துக்கு. பையனுக்குக் குந்தாரப்பள்ளியில் பெண் பார்த்தாயிற்றாம். பக்கத்தில் வேறு அச்சுக்கூடம் இல்லை, அவர் என்ன செய்வார்? என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இதை நான் கோத்துக்கறேன். நீங்க போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்கண்ணா" என்றான் கங்கப்பன்.

நானே கோக்கிறேன் என்றேன். மாப்பிள்ளை பெயர் கைக்குப் பழகியதுதான், தேடவே வேண்டியிருக்கவில்லை. கட்டம் வைக்கவில்லை. வரிக்கு வரி மூச்சு விட இடம் கொடுத்து, சுற்றிலும் வெள்ளையாக விட்டேன். புது டப்பா சிவப்பு மை.

மத்தியானம் சோறு கொண்டுவந்த செல்வம், காயப் போட்டிருந்த தாளில் ஒன்றை எடுத்தாள். தடுப்பதற்குள் படித்துவிட்டாள். பெண் பெயர் இருக்கும் வரியில் அவள் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

"நல்லா எடம் விட்டிருக்கேப்பா" என்றாள்.

தாளை எடுத்த இடத்திலேயே கசங்காமல் வைத்துவிட்டு, தூக்குச்சட்டியைத் திறந்து சோறு போட்டாள்.

இதற்கு மஞ்சள் அவர்கள் வீட்டிலேயே தடவிக்கொள்கிறார்களாம்.